பிறர் வளர்த்த சிப்பிப்பாறை: வெளியே அழைத்தால் வருவதில்லை, அஜிலிட்டி பழக்க இயலுமா?

நெல்லைக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ இரண்டு வயதான பெண் சிப்பிப்பாறை நாய் ஒன்று மழைக்காலத் தொடக்கத்தில் எங்களிடம் வந்து சேர்ந்தது. அதற்கு முன் ஒரு தோட்டத்தில் பகல் முழுவதும் சங்கிலியில் கிடந்து, இரவில் மட்டும் அவிழ்த்துவிடப்பட்டு வளர்ந்தது என்பதைத் தவிர அதன் பழைய வாழ்க்கையைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. வீட்டாரிடம் இப்போது சாதுவாகவே இருக்கிறது. ஆனால் சாப்பாட்டுத் தட்டின் அருகில் யாராவது நடந்தால் உறுமுகிறது. தெருவில் ஆட்டையோ கோழியையோ கண்டால் கையிலிருக்கும் வாரைப் பிய்த்துக்கொண்டு பாய்கிறது. ஒரு முறை கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடியும் விட்டது. வீட்டுக்குள் அழைத்தால் வருகிறது, வெளியே அழைத்தால் காதில் வாங்குவதே இல்லை.

அதன் வேகத்தையும் தாண்டும் லாவகத்தையும் பார்க்கும்போது, கீழ்ப்படிதல் பயிற்சியோடு அஜிலிட்டியும் (ஆளின் சைகைப்படி நாய் தடைகளைத் தாண்டி ஓடும் விளையாட்டு) பழக்கலாம் என்று தோன்றுகிறது. பயிற்சியாளர் ஒருவரோ, சோக் செயின் (இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி) போட்டு முதலில் அடக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகுதான் என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

கரிசல்:

ஐயா, முதலில் கழுத்துப்பட்டையை மாற்றுங்கள். சிப்பிப்பாறை, கன்னி, கிரேஹவுண்ட் போன்ற ஓட்ட நாய்களுக்குக் கழுத்தைவிடத் தலை குறுகலாக இருப்பதால், சாதாரணப் பட்டையை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பின்வாங்கும்போது உருவிக்கொள்ளும். இழுத்தால் ஓரளவு சுருங்கி அதற்கு மேல் இறுகாத மார்ட்டிங்கேல் பட்டை இத்தகைய நாய்களுக்கு ஏற்றது. திறந்தவெளியில் பயன்படுத்தும் நீளக் கயிற்றை மட்டும் ஹார்னஸில் (மார்பைச் சுற்றிக் கட்டும் வார்) மாட்டுங்கள், கழுத்தில் வேண்டாம். இந்த நாய் சில எட்டுகளிலேயே முழு வேகம் எடுத்துவிடும். கயிறு தீரும் இடத்தில் அந்த வேகம் முழுவதையும் கழுத்து தாங்கினால் என்னவாகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். சோக் செயின் கூடாது என்பதற்கும் இதுவே போதுமான காரணம்.

இரண்டாவதாக, தோட்டத்தில் கிடந்த நாய் என்பதால் கால்நடை மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். உண்ணிகளால் பரவும் எர்லிகியா நோய் நாள்பட்ட நிலையில் வெளிப்படையான காய்ச்சல் இல்லாமலேயே இரத்தத் தட்டணுக்களைக் குறைத்து, நாயைச் சோர்வாகவும் சிடுசிடுப்பாகவும் வைத்திருக்கக்கூடும். மூட்டுகளையும் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். வலியால் உறுமும் நாயைப் பயிற்சியால் திருத்த முடியாது.

தட்டருகே உறுமும் நாயிடமிருந்து தட்டைப் பறித்துப் பறித்துப் பழக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால், ஆள் வந்தால் சோறு போய்விடும் என்ற அதன் அச்சம் உறுதிப்படுமே தவிர வேறு பயனில்லை. அது உறுமாத தொலைவில் கடந்து செல்லும்போது, தட்டில் இருப்பதைவிடச் சுவையான ஒன்றை, வேகவைத்த கோழி ஈரல் துண்டைப் போல, அதன் பக்கமாக எறிந்துவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். நீங்கள் வருவதைக் கண்டதும் அது தலைநிமிர்ந்து எதிர்பார்க்கத் தொடங்கிய பிறகே தொலைவைக் குறைக்க வேண்டும். அதுவரை உறுமலைக் கண்டிக்காதீர்கள். எச்சரிக்கையை அடக்கப்பட்ட நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சாப்பாடு மூடிய அறையில்தான்.

வைகறை:

கரிசல் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அடக்கம் முதலில், தாண்டுவது பிறகு என்று அந்தப் பயிற்சியாளர் சொன்ன வரிசையை நான் ஏற்கவில்லை. எஃப்.சி.ஐ. (பன்னாட்டு நாய்வளர்ப்புக் கூட்டமைப்பு) விதிகளின்படி நடக்கும் அஜிலிட்டிப் போட்டியில் நாய் வார் இல்லாமல் ஓட வேண்டும். ஓட்டத்தின் நடுவே ஆள் நாயைத் தொடவும் கூடாது. இழுத்துப் பிடித்துப் பழக்கிய எதுவும் அங்கே உதவாது என்பதால், உங்களோடு இருப்பதே இலாபம் என்று அந்த நாய் தானாக முடிவெடுக்கும்படி செய்வதுதான் இரண்டு பயிற்சிகளுக்கும் பொதுவான அடித்தளம்.

சிப்பிப்பாறை முகர்ந்து தேடும் நாய் அன்று. பார்த்துத் துரத்தும் நாய். முயல் வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. (அந்த வேட்டை 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைச் சில முகநூல் குழுக்களில் இன்றும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.) துரத்தும் ஆசையை அழிக்க முடியாது, ஆனால் அதையே பரிசாக்கலாம். நீளமான குச்சியின் நுனியில் கயிறு கட்டி, அதில் ஒரு துணித்துண்டை முடிந்து தரையில் இழுத்துக் காட்டுங்கள். வேலி போட்ட இடத்தில், நாய் உங்கள் முகத்தைப் பார்க்கும் நொடியில் துணி ஓடத் தொடங்கட்டும். சில வாரங்களில், துரத்தல் என்பது உங்கள் வழியாகவே கிடைக்கும் ஒன்று என்பது அதற்குப் புரியத் தொடங்கும்.

அழைப்புக்குப் புதிதாக ஒரு விசில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லி அழைத்துச் சங்கிலியில் கட்டும் பழக்கம் அந்தத் தோட்டத்தில் இருந்திருந்தால், பெயரே அதற்குக் கசந்திருக்கும். விசில் ஊதியதும் ஈரல். முதலில் வீட்டுக்குள், பிறகு முற்றத்தில், பிறகு நீளக் கயிற்றோடு காலி மைதானத்தில். வராது என்று தெரிந்த நேரத்தில் ஊதாதீர்கள். ஆடுகளைப் பொறுத்தவரை, அது ஆட்டைப் பார்த்தும் உங்களிடமிருந்து தீனி வாங்கித் தின்னக்கூடிய தொலைவு எதுவோ அங்கிருந்துதான் தொடக்கம். அது ஊரின் மறுகோடியாக இருந்தாலும் சரி.

இதற்கிடையே அஜிலிட்டியின் சிறு பகுதிகளைத் தாராளமாகத் தொடங்கலாம்: தரையில் கிடத்திய பி.வி.சி. குழாய்களைக் கடந்து நடப்பது, குழந்தைகள் விளையாடும் துணிக்குகைக்குள் நுழைந்து வருவது, செங்கல் உயரத்தில் வைத்த அகலப் பலகையில் நடப்பது. சங்கிலியில் வளர்ந்த நாய்க்குத் தன் பின்னங்கால்கள் எங்கே இருக்கின்றன என்ற உணர்வே குறைவாக இருக்கும். பலகை அதைக் கற்றுக்கொடுக்கும்.

ஓட்டக்களம்:

ஆர்வத்தைக் குலைக்க விரும்பவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1978 இல் இலண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பின்பற்றி அஜிலிட்டி முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதில் இன்று முன்னணியில் இருப்பவை பெரும்பாலும் பார்டர் காலி போன்ற மேய்ச்சல் நாய்கள். சிப்பிப்பாறை நேர்கோட்டில் பறக்கும், குறுகிய திருப்பத்தில் திணறும். பன்னிரண்டு கம்பங்களை 60 செ.மீ. இடைவெளியில் நட்டு அவற்றினூடே வளைந்து ஓட வைப்பது நெடுங்கால் நாய்க்கு மிகக் கடினம். ஆகவே பதக்கத்தை மறந்துவிட்டு, நாயின் மகிழ்ச்சிக்காகப் பழக்குவதாக இருந்தால் மட்டுமே இறங்குங்கள் என்பது என் கருத்து.

நெல்லைக்காரன்:

மிக்க நன்றி. பதக்கத்தைப் பற்றி நாங்கள் நினைக்கவே இல்லை. மருத்துவரிடம் நாள் வாங்கிவிட்டேன். இன்னும் ஓர் ஐயம்: மொட்டைமாடியில் 'உட்கார்' என்றால் பாதி குனிந்து எழுந்துவிடுகிறது. இது பிடிவாதமா?

வைகறை:

பிடிவாதம் இல்லை, ஐயா. சதைப்பற்றில்லாத பின்பகுதியும் நீண்ட தொடைகளும் உள்ள நாய்க்குச் சிமெண்டுத் தரையில் உட்காருவது உறுத்தும். வெயில் ஏறிய பிறகு சுடவும் செய்யும். சாக்கையோ பழைய மெத்தையையோ விரித்து, விடிந்ததும் பழக்கிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் 'நில்', 'படு' இரண்டை மட்டும் உறுதியாக்குங்கள். மாடியில் தாண்டப் பழக்காதீர்கள், மண்ணோ புல்லோ உள்ள இடம் வேண்டும். எஃப்.சி.ஐ. போட்டியில் பெரிய நாய்களுக்கான தடை 55 முதல் 60 செ.மீ. உயரம், உங்கள் நாய் அதை இன்றைக்கே தாண்டிவிடும் என்றாலும், திரும்பவும் இறங்கவும் உதவும் தசைகள் உறுதிப்படும்வரை முழங்கை உயரத்துக்கு மேல் கம்பியை ஏற்ற வேண்டாம். முழங்கை என்று நான் சொல்வது நாயின் முழங்கையை.