மிஷிகனில் தொகுதி வெட்டலை (ஒரு கட்சிக்குச் சாதகமாக எல்லை வரைவதை) ஜனங்களே நிறுத்தினார்களாமே, எப்படி?

கொலம்பஸ்வாசி:
குடியுரிமை வாங்கி 2024 நவம்பரில்தான் முதல் ஓட்டு. ஒஹாயோ வாக்குச்சீட்டில் 'இஷ்யூ 1' என்று ஒன்று இருந்தது. தொகுதி எல்லைகளை அரசியல்வாதிகள் வரையக் கூடாது, 15 குடிமக்கள் கொண்ட ஆணையம் வரையட்டும் என்பதுதான் விஷயம். ஆனால் சீட்டில் அச்சாகியிருந்த சுருக்கத்தைப் படித்தால், அந்த ஆணையம்தான் எல்லைகளைப் பெரிய கட்சிகளுக்குச் சாதகமாக வளைக்கப் போகிறது என்கிற மாதிரி இருந்தது. வளைக்க வேண்டாமே என்று 'நோ' போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் மனைவி விளக்கியதும் தலையில் அடித்துக்கொண்டேன். இஷ்யூ 1 தோற்றும் போனது. மிஷிகனில் சாதாரண ஆட்களே சாதித்தார்கள் என்கிறார்கள். எங்கே ஆரம்பித்தார்கள்? பணம் யார் போட்டது?

ஃபார்மிங்டன் ஹில்ஸ் அக்கா:
தம்பி, 2017இல் மனுவுக்குக் கையெழுத்து வாங்கப் பரீட்சை அட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களில் நானும் ஒருத்தி.

அப்போது நாங்கள் காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், 14ஆம் தொகுதி. டெட்ராய்டின் கிழக்கோரம் தொடங்கி, நெளிந்து நெளிந்து எங்கள் ஊர் வரை வந்து, மறுபடி வடக்கே பான்டியாக் வரை போகும். பக்கத்து நோவை வேறு தொகுதி. இங்கிருந்து அங்கே தோசை மாவு வாங்கப் போனால் தொகுதி மாறிவிடும்! ஜனநாயகக் கட்சி ஓட்டுகளை ஒரே பைக்குள் திணித்தால் சுற்றியுள்ள தொகுதிகள் குடியரசுக் கட்சிக்குச் சுலபம். 2012இல் மாநிலக் கீழவைக்கு ஜனநாயகக் கட்சி மொத்தத்தில் அதிக ஓட்டு வாங்கியது. ஆனால் 110 இடங்களில் 59 குடியரசுக் கட்சிக்குப் போனது. அந்தக் 'குப்பை' முழுவதையும் நாலு தொகுதிக்குள் அடைத்துவிடலாம் என்று குடியரசுக் கட்சி உதவியாளர் ஒருவர் எழுதிய மின்னஞ்சல் 2018இல் வழக்கொன்றில் வெளிவந்தது. குப்பை என்றது எங்களைத்தான்.

ஆரம்பம் ஒரு ஃபேஸ்புக் பதிவு. 2016 தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், கேட்டி ஃபேஹி என்ற பெண், வயது முப்பதுகூட இல்லை, 'இதை எதிர்க்கப் போகிறேன், வர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்' என்று எழுதினார். அதிலிருந்து 'வோட்டர்ஸ் நாட் பாலிடிஷியன்ஸ்' இயக்கம். முதலில் 33 நாளில் 33 ஊர்க்கூட்டம். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் சட்டத்திருத்தத்தை எழுதினார்கள். ஜெயித்ததற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பேன்.

திருத்தத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரத் தேவைப்பட்டவை 3,15,654 கையெழுத்துகள். கூலி வாங்காத ஆட்களே நாலேகால் லட்சத்துக்கு மேல் சேர்த்தோம். கேட்க எளிது. நீங்கள் எந்த கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) என்று கேட்டு, அந்த கவுண்டித் தாளைத் தேடி நீட்ட வேண்டும். தாளோ பல பக்கம். முதல் ஞாயிறு கோயில் வாசலில் மூன்று மணி நேரத்தில் எனக்குப் பதினொன்று. அதில் இரண்டு பேர் கிரீன் கார்டு, குடியுரிமை இல்லை என்று பிறகு தெரிந்து அவர்கள் கையெழுத்தை அடித்தேன். நெடுஞ்சாலை ஓய்விடங்களில்தான் கை நிறைந்தது. கழிவறை போய் வந்தவர்களுக்கு அவசரமில்லை.

பணம்: கையெழுத்துக்குச் சம்பளம் கிடையாது. வாக்கெடுப்புப் பிரசாரத்துக்கு வெளி மாநிலப் பெரும் நன்கொடைகளும் வந்தன, மறைப்பானேன். எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டு, மாநில உச்ச நீதிமன்றத்தில் 4–3 என்று தப்பியது. 2018 நவம்பரில் 61 சதவீதம் 'ஆம்'.

டெட்ராய்ட் மாமா:
பாதிக் கதையோடு நிறுத்தாதேம்மா. 13 பேர் ஆணையம், நாலு ஜனநாயகக் கட்சி, நாலு குடியரசுக் கட்சி, ஐந்து எதிலும் சேராதவர்கள், குலுக்கலில் தேர்வு. சரி. அவர்கள் வரைந்த வரைபடம் என்ன ஆச்சு? டெட்ராய்டைப் பீட்சா மாதிரி நீளநீளமாக வெட்டிப் புறநகரோடு ஒட்டினார்கள். கறுப்பர்களின் ஓட்டு சிதறியது. 2023 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் 13 தொகுதிகளை ரத்து செய்தார்கள். குடிமகன் வரைந்தாலும் தப்பு தப்புதான்.

ஃபார்மிங்டன் ஹில்ஸ் அக்கா:
உண்மைதான் மாமா. அதில் எனக்கும் வருத்தம் உண்டு. டெட்ராய்ட்காரர்கள் கூட்டங்களில் வந்து சொன்னதை ஆணையம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கூட்டங்கள் எல்லோர் முன்னாலும் நடந்ததால்தானே அதுவே நமக்குத் தெரிகிறது? 2011இல் பூட்டிய அறைக்குள் வரைந்ததைத் தெரிந்துகொள்ள ஏழு வருஷமும் ஒரு வழக்கும் ஆனது. 2022இல் ஜனநாயகக் கட்சி மாநிலத்தின் இரு அவைகளையும் பிடித்தது, 2024இல் கீழவை மறுபடி கைமாறியது. யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரியாமல் இருப்பதே எனக்குப் போதும்.

கொலம்பஸ்வாசி:
நன்றி அக்கா, மாமா. இங்கே மறுபடி மனு கிளம்பினால் நானும் அட்டை தூக்குகிறேன். 'நோ' போட்ட பாவத்துக்கு.

ஃபார்மிங்டன் ஹில்ஸ் அக்கா:
வாங்க தம்பி. வாயைத் திறந்ததும் கட்சிப் பெயரைச் சொல்லாதீர்கள். பழைய தொகுதி வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துக் காட்டுங்கள், அவர்களே 'இது என்ன இப்படி இருக்கிறது' என்று நிற்பார்கள். பேனா மட்டும் பத்துப் பதினைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் திரும்பி வராது.