அடிபட்ட நாய் கடிக்க வருகிறது, அவசரம்

மணி_திருச்சி: எங்கள் டைகர் அடிபட்டதிலிருந்து ஆளே மாறிவிட்டான். நேற்று என் மகளைப் பார்த்து உறுமினான். இன்று காலை என் கையைக் கவ்வப் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறான். என்ன செய்வது? சீக்கிரம் சொல்லுங்கள்.

செவலை_அம்மா: என்ன அடி தம்பி? எத்தனை நாள் ஆயிற்று? வயது? மாத்திரை ஏதும் போகிறதா?

கோம்பை_பிரியன்: பயம்தான், வேறொன்றுமில்லை. எங்கள் வீட்டு நாய் வண்டியில் அடிபட்ட பிறகு புல்லட் சத்தம் கேட்டாலே நின்ற இடத்தில் மூத்திரம் போய்விடும். தெருச் சத்தம் கேட்காத அறையில் வையுங்கள்.

ஊசிமருந்து: வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா? அதை முதலில் சொல்லுங்கள். கையில் பல் பட்டதா? பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பழைய_கை: இதே கேள்விக்கு நூறு தடவை பதில் எழுதியாயிற்று, யார் தேடிப் படிக்கிறீர்கள்? அடிபட்டதும் மடியில் வைத்து ஊட்டியிருப்பீர்கள், தலைக்கேறிவிட்டது. உறுமினால் ஓர் அதட்டல், அடங்கிவிடும். நாட்டு நாயாக இருந்தால் இந்நேரம் ஓடியிருக்கும்.

செவலை_அம்மா: அதட்டி உறுமலை நிறுத்தினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும் சார். வீட்டில் குழந்தை இருக்கிறது.

மணி_திருச்சி: பல் படவில்லை. ஊசியெல்லாம் போட்டாச்சு. பைக் மோதி வலது பின்தொடை எலும்பு முறிந்தது, உள்ளே கம்பி வைத்து 19 நாள் ஆகிறது. வயது 3. ராஜபாளையம்தான்.

பழைய_கை: வெள்ளையா? ராஜபாளையத்தில் பாதிக்குக் காது கேட்காது. பின்னால் போய்த் தொட்டால் திடுக்கிட்டுக் கவ்வத்தான் செய்யும்.

கோம்பை_பிரியன்: பாதிக்கா? எந்தக் கணக்கு? வெள்ளைக் குட்டிகள் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அது உண்மை. அதற்காக இனத்தையே செவிடாக்காதீர்கள். அதோடு, நாட்டு நாய் இந்நேரம் ஓடியிருக்கும் என்றீர்கள். ராஜபாளையம் எந்த நாட்டு நாயாம்?

பழைய_கை: நான் குட்டி வளர்க்கத் தொடங்கியபோது நீங்கள் பிறந்திருக்க மாட்டீர்கள்.

செவலை_அம்மா: இரண்டு பேரும் வேறு இடத்தில் போய்ச் சண்டை போடுங்கள். மணி, வலி மாத்திரை இப்போதும் கொடுக்கிறீர்களா? எங்கே தொட்டால் உறுமுகிறான்?

மணி_திருச்சி: மாத்திரை 5 நாளோடு நிறுத்திவிட்டோம் அக்கா, நன்றாகத்தான் நடந்தான். இப்போது காலைத் தூக்கிக்கொண்டு நொண்டுகிறான். இடுப்புப் பக்கம் கை போனால்தான் உறுமல். அங்கே எலுமிச்சை அளவு புடைப்பு. புண் ஆறும் வீக்கம் என்று நினைத்தோம்.

செவலை_அம்மா: இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! உள்ளே வைத்த கம்பி சில சமயம் மேலே நகர்ந்து இடுப்பருகே தோலை முட்டும். சீழ் பிடித்திருந்தாலும் வீங்கும். இன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள். அதுவரை ஓடவோ படியேறவோ விடாதீர்கள், பாப்பாவைக் கிட்டே அனுப்பாதீர்கள். வீட்டில் இருக்கிறதே என்று டைக்ளோபினாக், ஐபுப்ரோபன் என்று நாம் போடும் வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும், சிறுநீரகமும் போகும்.

மணி_திருச்சி: எக்ஸ்ரே எடுத்தாச்சு. கம்பி நகர்ந்துதான் இருக்கிறதாம். நாளைக்கு மறுபடி ஆபரேஷன். ஊசி போட்ட பிறகு கட்டிலுக்கு வெளியே தலையை நீட்டிப் படுத்திருக்கிறான். நன்றி அக்கா.

கோம்பை_பிரியன்: பழைய கை சார், அந்தப் பாதிக் கணக்கு இன்னும் வரவில்லை.