பால் பல் அடைப்பு: ரப்பர் டேமா, பஞ்சுச் சுருளா?

வணக்கம். குழந்தைப் பல் மருத்துவர்களும் அனுபவமுள்ள பெற்றோர்களும் வழிகாட்ட வேண்டும்.

என் 5 வயது மகளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பால் பல்லில், இரு பற்கள் ஒட்டும் இடத்தில் சொத்தை. கன்னத்தோரம் பஞ்சுச் சுருள் வைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயையும் மாட்டி, பல் நிறக் காம்போசிட்டால் அடைத்தார்கள். பாதி வேலையிலேயே பஞ்சை நாக்கால் தள்ளிவிட்டாள். வேறு பஞ்சு எடுப்பதற்குள் எச்சில் ஊறிவிட்டது. சில மாதங்களில் அடைப்பு பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. ஒட்டும் நேரத்தில் ஈரம் பட்டால் காம்போசிட்டுக்குப் பிடிப்பு ஏது?

இப்போது வேறொரு மருத்துவர், பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் மெல்லிய ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் போடலாம் என்கிறார். 1864 முதல் இருக்கும் முறைதான். அதைப் பல்லில் பிடித்து நிறுத்தும் கவ்வி மாட்ட ஈறு மரத்துப்போக ஊசி போடுவார்களாம், அதைக்கூடச் சமாளித்துவிடுவாள். ஆனால் எந்நேரமும் மூக்கடைப்பு, வாயால்தான் மூச்சு விடுகிறாள். அதுதான் என் கவலை.

இப்படிப்பட்ட குழந்தைக்கு ரப்பர் டேம் போட்ட அனுபவம் யாருக்காவது உண்டா? அல்லது ஈரத்தைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும் கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருள் போதுமா? அந்தப் பல் 10, 11 வயது வரை நிற்க வேண்டியது. "பால் பல்தானே, விழட்டும்" என்ற பதில் மட்டும் வேண்டாம். லேட்டக்ஸ் (ரப்பர்) ஒவ்வாமை இல்லை.