1,100 கிலோமீட்டர், 20 டன் தரை ஓடு: லாரியா, ரயிலா?

கேள்வி:
மாதம் இரண்டு முறை 20 டன் தரை ஓடு அனுப்புகிறேன். தூரம் 1,100 கிலோமீட்டர். இதுவரை லாரிதான். ரயிலுக்கு மாறினால் டீசலும் புகையும் குறையும் என்கிறார்கள். உடைசல் கூடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:
19 வருடம் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் மேற்பார்வை பார்த்திருக்கிறேன். டீசலில் சந்தேகமே வேண்டாம். ரயில் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு நாணயத்தின் அளவுதான். லாரி டயரோ சுற்றுக்குச் சுற்று நசுங்கி எழும், சக்தி அதிலேயே நிறையப் போய்விடும். ஒரு டன்னை அதே டீசலில் ரயில் மூன்று நான்கு மடங்கு தூரம் கொண்டுபோகும்.

ஆனால் நான் பார்த்த உடைசலில் பெரும்பகுதி ஓட்டத்தில் வந்ததல்ல, ஏற்றி இறக்கும்போது வந்தது. லாரியென்றால் ஓடுகளை இரண்டு முறை தொடுவார்கள். சாதா ரயில் வேகனில் நான்கு முறை: லாரியில் ஏற்ற, வேகனுக்கு மாற்ற, திரும்ப லாரிக்கு மாற்ற, இறக்க. அதனால் கண்டெய்னரில் மட்டும் அனுப்புங்கள், லாரிக்கும் ரயிலுக்கும் பெட்டியை அப்படியே தூக்கி மாற்றுவார்கள், உள்ளே ஓடுகளைத் தொடமாட்டார்கள். கண்டெய்னர் முறைக்கு வழிகாட்டிய மால்கம் மெக்லீன் 1956-ல் 58 கண்டெய்னர் பெட்டிகளைக் கப்பலேற்றியதே இந்தத் தொல்லைக்காகத்தான். அவர் லாரித் தொழிலில் இருந்தவர். 20 அடிப் பெட்டி போதும், ஓடு ஏற்றினால் இடம் நிறையும் முன்னே எடை நிறைந்துவிடும்.

அப்புறம், லாரி மேலும் கீழும் குலுக்கும். ரயில் முன்னும் பின்னும் இழுக்கும். ஒருமுறை ரயிலில் வந்த ஒரு கண்டெய்னரைத் திறந்தோம். முன்வரிசை அட்டைப்பெட்டிகளில் கீறல்கூட இல்லை. ஓடு அடுக்கிய கடைசி மரப்பலகைத் தட்டுக்கும் கண்டெய்னர் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, கீழே வெள்ளைத் தூள். அந்த ஒரு சாணில்தான் அத்தனையும் போயிருந்தது. இடைவெளியில் காற்றுப் பை வைத்து இறுக்குங்கள்.

இன்னொருவர்:
நான் லாரி ஓட்டுகிறேன். வாங்குபவர் இன்ன தேதிக்கு வேண்டும் என்று நின்றால் லாரிதான். ரயில் ஓடும் நேரத்தைவிட யார்டில் காத்திருக்கும் நேரம் அதிகமாகிவிடும்.

கேட்டவர்:
தேதி அவ்வளவு கறார் இல்லை. இங்கிருந்து ரயில் சரக்கு முனையம் 35 கிலோமீட்டர். அந்தப் பக்கம் முனையத்திலிருந்து வாங்குபவர் இடம் 140.

பதில்:
35 பரவாயில்லை. 140-தான் இடிக்கிறது. அது முனையத்தைத் தாண்டிப் போகும் 140-ஆ, உங்கள் பக்கமாகத் திரும்பி வரும் 140-ஆ? தாண்டிப் போவதென்றால் ஒரு பெட்டி ரயிலில் அனுப்பிப் பாருங்கள். திரும்பி வருவதென்றால் அந்தத் தூரத்தை இரண்டு தடவை கடக்கிறீர்கள், லாரியே இருக்கட்டும்.