திருடுபோன சைக்கிளில் டேக் இருக்கு, திருடன் போனுக்கு எச்சரிக்கை போகாமல் தடுக்க முடியுமா?

மிதிவண்டிப்பித்தன்:

அவசரம், தெரிஞ்சவங்க உடனே சொல்லுங்க. நேத்து ராத்திரி பூட்டை அறுத்து என் சைக்கிளைக் கொண்டு போயிட்டாங்க. சீட்டுக்கு அடியில ஒரு புளூடூத் டேக் (பொருள் எங்கே இருக்குன்னு போன் மேப்புல காட்டுற சின்ன டிராக்கர்) ஒட்டி வெச்சிருந்தேன். மேப்புல இன்னும் காட்டுது, இடம் மாறிக்கிட்டே இருக்கு. ஆனா தெரியாத டிராக்கர் ஒண்ணு கூடவே வருதுன்னு இந்த டேக் பக்கத்துல இருக்கிறவங்க போனுக்குச் சொல்லிடும்னு படிச்சேன். அப்படின்னா திருடனுக்கே துப்புக் கொடுக்கிற மாதிரி ஆயிடுமே!

அந்த எச்சரிக்கையை என் போன்லேர்ந்து நிறுத்த வழி இருக்கா? இப்ப டேக்கை ஒலிக்க வைக்கலாமா? போலீஸ் கேட்டா கம்பெனிக்காரங்க இருப்பிடத்தைக் கொடுப்பாங்களா?

சால்டரிங்வாசம்:

சத்தம் வைக்காதீங்க. தொலைந்துவிட்டதுன்னு குறிக்கிற வசதியையும் இப்போதைக்குத் தொடாதீங்க, அதுல நீங்க எழுதுற செய்தியும் போன் நம்பரும் டேக்கை எடுத்துப் பார்க்கிறவனுக்குத் தெரியும். மேப்பை நேரத்தோட சேர்த்து ஸ்கிரீன்ஷாட் எடுங்க. இடம் மாறும்போதெல்லாம் புதுசா ஒண்ணு எடுங்க. அதோட நேரா காவல் நிலையம் போங்க. எந்தக் காரணத்துக்காகவும் தனியாப் போய் அந்த வாசல்ல நிக்காதீங்க. சைக்கிள் இன்னொண்ணு வாங்கிக்கலாம்.

அலைவரிசை:

மேலே சொன்னதுதான் முதல் வேலை, அதைச் செய்துவிட்டு இதைப் படியுங்கள்.

எச்சரிக்கையை உங்கள் பக்கமிருந்து நிறுத்த முடியாது. காரணம், அதை உங்கள் டேக் அனுப்புவதில்லை, கம்பெனி சர்வரும் அனுப்புவதில்லை. திருடனின் போனே கண்டுபிடித்துக்கொள்கிறது. உங்கள் டேக்கில் ஜிபிஎஸ் கிடையாது. "நான் இங்கே இருக்கிறேன்" என்று புளூடூத்தில் ஒரு அடையாளத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். வழியில் போகிற யாரோ ஒருவரின் போன் அதைக் கேட்டு, தான் நிற்கும் இடத்தை வேறு யாரும் படிக்க முடியாதபடி ரகசியக் குறியீட்டில் பூட்டி கம்பெனி சர்வருக்கு அனுப்புகிறது. அந்தப் பூட்டின் சாவி உங்கள் போனில் மட்டும்தான். ஆகவே மேப்பில் தெரியும் புள்ளி டேக்கைக் கேட்ட போன் நின்ற இடம். புள்ளிக்குக் கீழே எத்தனை நிமிடத்துக்கு முந்தையது என்று இருக்கும், அதைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

டேக் உரிமையாளரின் பக்கத்தில் இருக்கும்போது அந்த அடையாளம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். உங்களை நாள் முழுக்க யாரும் அடையாளம் வைத்துப் பின்தொடரக் கூடாது என்பதற்காக. உரிமையாளரைப் பிரிந்துவிட்டால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் மாறும். ஒரே டேக் காலையிலும் மாலையிலும் வெவ்வேறு இடத்தில் தன்னோடு வருகிறது என்று இன்னொருவர் போன் கண்டுகொள்ள வேண்டும் என்றால் அடையாளம் அத்தனை நேரம் மாறாமல் இருந்தாக வேண்டும். ஆப்பிளும் கூகுளும் 2023 மே மாதம் சேர்ந்து முன்வைத்த பொது விதிமுறையில் இருப்பது இதுதான். 2024 மே மாதத்தில் ஐபோனின் ஐஓஎஸ் 17.5லும் ஆண்ட்ராய்டு 6 அல்லது அதற்கு மேற்பட்ட போன்களிலும் இந்த எச்சரிக்கை வந்துவிட்டது. அதனால் அவன் எந்த போன் வைத்திருக்கிறான் என்று கணக்குப் போட்டுப் பயனில்லை.

டேக்கே தானாகக் கத்துவது வேறு விஷயம். ஆப்பிளின் டேக்கான ஏர்டேக் 2021இல் வந்தபோது உரிமையாளரைப் பிரிந்து மூன்று நாள் கழித்துத்தான் ஒலிக்கும். அதே வருடம் அதை 8 முதல் 24 மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நேரம் என்று குறைத்துவிட்டார்கள். உங்கள் டேக் எந்தக் கம்பெனி என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் இன்று மாலைக்குள் செய்ய வேண்டியதை நாளைக்குத் தள்ளாதீர்கள்.

மூன்றாவது கேள்விக்கு: ஆப்பிள், கூகுள் இரண்டின் வலையமைப்பிலும் இருப்பிடம் கம்பெனிக்கே தெரியாதபடிதான் பூட்டப்படுகிறது. போலீஸ் கேட்டாலும் அவர்களிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. உங்கள் போனைத் திறந்து நீங்கள்தான் காட்ட வேண்டும். எந்த சீரியல் நம்பர் எந்தக் கணக்கோடு இணைந்தது என்பது கம்பெனிக்குத் தெரியும். முறைப்படி கேட்டால் போலீசுக்கு அது கிடைக்கும். டேக் உங்களுடையது என்று நிரூபிக்க அது போதும்.

மிதிவண்டிப்பித்தன்:

ஸ்டேஷன்ல புகார் கொடுத்துட்டேன். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வாங்கிக்கிட்டாங்க. ஒரு காவலர் கூடவே வந்தார். புள்ளி ஒரு இடத்துல நின்னுடுச்சேன்னு போய்ப் பார்த்தா, சாலையோரப் புதர்ல டேக் மட்டும் கிடக்கு. ஒட்டுற டேப்போட பிடுங்கி எறிஞ்சிருக்கான். அவன் போனுக்கு எச்சரிக்கை போயிருக்கணும், இல்லேன்னா சீட்டுக்கு அடியில இருக்கிறது எப்படித் தெரியும்?

இவ்வளவு விளக்கமா எழுதினதுக்கு நன்றி அலைவரிசை, ஆனா மனசு ஆறலை. என் பொருளுக்கு நான் காசு கொடுத்து வாங்கிய டேக், திருடனோட அந்தரங்கத்தைக் காப்பாத்துது! அடுத்த சைக்கிள்ல ஸ்பீக்கரைக் கழற்றி எடுத்துட்டு வைக்கலாம்னு இருக்கேன். யாராவது செய்து பார்த்திருக்கீங்களா?

தாழ்ப்பாள்:

அண்ணா, உங்க கோபம் புரியுது. உழைச்சு வாங்கின பொருள் போனா வயிறு எரியத்தான் செய்யும். ஆனா ஸ்பீக்கர் விஷயத்துல நான் பேசாம இருக்க முடியாது.

என் தங்கச்சி கணவரை விட்டுப் பிரிஞ்சு வந்து வேற ஊர்ல தங்கியிருந்தா. புது வீடு எங்கேன்னு அவருக்கு யாரும் சொல்லலை. ஒருநாள் அவ போன்ல தெரியாத டேக் கூட வருதுன்னு எச்சரிக்கை. தேடினா, குழந்தையோட பள்ளிப் பையில உள்துணியைப் பிரிச்சுத் தைச்சு வெச்சிருந்தது. அந்த எச்சரிக்கை வரலேன்னா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் எனக்கு நினைச்சுப் பார்க்க முடியலை.

உங்க சைக்கிளுக்கு அடியில இருக்கிற டேக்குக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டுதான். உரிமையாளர் பக்கத்துல இல்லை, வேற யாரோடவோ நகருது. என் தங்கச்சி மகள் பையில இருந்த டேக்குக்கும் அதே ரெண்டுதான் தெரியும். இதுல எவன் திருடன், எவள் தப்பிச்சு வந்தவள்னு அது எப்படிப் பிரிச்சுப் பார்க்கும்? திருடனுக்கு மட்டும் வாயை மூடுற டேக்னு ஒண்ணு செய்யவே முடியாது.

இதைப் படிக்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. அப்படி ஒரு டேக் கிடைச்சா உடனே உடைச்சுப் போடாதீங்க, பேட்டரியையும் அவசரப்பட்டு எடுக்காதீங்க. கண்டுபிடிச்சுட்டீங்கன்னு வெச்சவருக்குத் தெரிஞ்சுபோகும், கடைசியாத் தெரியுற இடம் உங்க வீடாவே இருக்கலாம். முதல்ல ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கோ காவல் நிலையத்துக்கோ போங்க. டேக்கை போனோட பின்பக்கம் ஒட்டிப் பிடிச்சா சீரியல் நம்பரும், பல டேக்ல உரிமையாளர் நம்பரோட கடைசி நாலு இலக்கமும் வரும். அதைப் படம் எடுத்துக்கிட்டு அப்புறம் பேட்டரியைக் கழற்றுங்க.

சால்டரிங்வாசம்:

ஸ்பீக்கரைக் கழற்றுறதால எச்சரிக்கை நிக்காது, இது பலருக்குத் தெரியறதில்லை. போனுக்கு வர்ற அறிவிப்பு புளூடூத்தை வெச்சு வருது. ஊமையாக்கின டேக்கால உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை. எச்சரிக்கை வந்த பிறகு பையில தேடுற பெண்ணுக்கு மட்டும் அது கையில சிக்காது. ரிப்பேர்னு யார் கொண்டு வந்தாலும் இந்த வேலையை நான் செய்யறதில்லை.

நடைபாதைவாசி:

உரிமையாளரின் அடையாளத்தைச் சரிபார்த்துவிட்டு மறைந்திருக்கும் வசதியைக் கொடுக்கலாமே? டேக் தயாரிக்கும் டைல் கம்பெனி 2023இல் அப்படித்தானே ஒன்று கொண்டுவந்தது?

அலைவரிசை:

ஆமாம். அரசு அடையாள அட்டை, முகச் சரிபார்ப்பு, பின்தொடர்ந்த குற்றத்தில் தண்டனை பெற்றால் 10 லட்சம் டாலர் அபராதம் என்ற ஒப்பந்தம். இவற்றுக்குச் சம்மதித்தால் அவர்களுடைய தேடல் வசதியில் உங்கள் டேக் தென்படாது. எனக்கு இது சரியாகப் படவில்லை. பின்தொடர்பவர் பெரும்பாலும் முகம் தெரியாதவர் இல்லை, கணவரோ முன்னாள் காதலரோதான். அவர் யார் என்று அந்தப் பெண்ணுக்கு ஏற்கனவே தெரியும். டேக் எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது. அபராதமும் தண்டனைக்குப் பிறகுதான் வரும், அதற்குள் அவர் வாசலுக்கு வந்திருப்பார்.

மிதிவண்டிப்பித்தன்:

தாழ்ப்பாள், உங்க தங்கச்சியும் குழந்தையும் நல்லா இருக்கணும். ஸ்பீக்கர் பேச்சை விட்டுடறேன். காவலர் போன் பண்ணினார், ஸ்கிரீன்ஷாட்ல புள்ளி ரொம்ப நேரம் நின்ன ரெண்டு இடத்துல கேமரா பதிவு கேட்டிருக்காங்களாம். சைக்கிள் கிடைக்குதோ இல்லையோ, அடுத்ததுக்கு என்ன செய்யலாம்?

சால்டரிங்வாசம்:

டேக்கை சீட்டுக்கு அடியில வைக்காதீங்க, எல்லாரும் முதல்ல தடவுற இடம் அதுதான். ஹேண்டில்பாருக்குள்ளயோ சைக்கிள் ஃபிரேமுக்குள்ளயோ வெச்சா சிக்னல் கொஞ்சம் குறையும், உலோகம் தடுக்கும். குறைஞ்சாலும் பரவாயில்லை, ஸ்பேனர் இல்லாம எடுக்க முடியாத இடம்தான் முக்கியம். எச்சரிக்கை வந்தாலும் அவன் நின்னு கழற்ற நேரம் வேணுமில்லையா, அந்த நேரம் உங்களுக்கு. ஃபிரேம்ல இருக்கிற நம்பரைப் படம் எடுத்து வெச்சுக்கோங்க, சைக்கிள் உங்களுதுன்னு காட்ட அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

வீட்டுல வேற யாராவது ஓட்டுவாங்கன்னா டேக்கை அவங்களோடயும் பகிருங்க. ஏர்டேக்ல 2023லேர்ந்து ஐந்து பேர் வரைக்கும் பகிரலாம், அவங்களுக்குத் தேவையில்லாத எச்சரிக்கை வராது.

அலைவரிசை:

விலை உயர்ந்த சைக்கிள் அல்லது மின்சார சைக்கிள் என்றால் சிம் கார்டு உள்ள ஜிபிஎஸ் கருவி பாருங்கள். அதுவே தன் இடத்தைக் கண்டு அனுப்பும், வழிப்போக்கர் போன் தேவையில்லை, திருடன் போனில் எச்சரிக்கையும் வராது. மாதச் சந்தாவும் சார்ஜும் தொல்லைதான்.

தாழ்ப்பாள்:

அந்தக் கருவியையும் ஆளுங்க மேல வைக்கிறாங்க அண்ணா, அதுக்கு எந்த போனும் எச்சரிக்கை தர்றதில்லை. வாங்கினா சைக்கிளுக்குள்ள போல்ட் போட்டு இறுக்கி வைங்க. வேற யாரும் எடுத்து இன்னொரு இடத்துல மறைக்க வழி இருக்கக் கூடாது.

மிதிவண்டிப்பித்தன்:

கட்டாயம் செய்யறேன். இன்னொண்ணு, புதர்ல கிடைச்ச டேக்கை என் கணக்கிலேர்ந்து நீக்கிடலாமா? புதுசா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்.

அலைவரிசை:

வேண்டாம். வழக்கு முடியும்வரை இணைப்பை நீக்காதீர்கள், சீரியல் நம்பருக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு அதில்தான் இருக்கிறது. டேக்கைத் துடைக்காமல் அந்த டேப்போடு ஒரு உறையில் போட்டு அதே காவலரிடம் கொடுத்துவிடுங்கள்.