விளம்பரம் வந்தால் மட்டும் ரிவி ஏன் இப்படிக் கத்துகிறது?

உறவுகளே, இதற்கு யாராவது ஒரு வழி சொல்லுங்கோ. இரவில் அம்மம்மா நாடகம் பார்க்கும்போது சத்தம் 18இல் இருக்கும், ஆனால் விளம்பரம் தொடங்கியதும் அதே 18, அறைக்குள் நித்திரையாய்க் கிடக்கும் ஏழு மாதப் பிள்ளை திடுக்கிட்டு அழும் அளவுக்குக் கத்துகிறது, அவ பதறி ரிமோட்டைத் தேடிக் குறைத்தால் பிறகு நாடகம் கேட்பதில்லை. விளம்பரம் செய்பவர்கள் சத்தத்தின் உச்ச அளவைக் கூட்டாமல் மெல்லிய ஒலிகளையும் அதற்குக் கிட்ட உயர்த்திவிடுவதால்தான் காதுக்கு இப்படிப் படுகிறது என்பது விளங்குகிறது. அமெரிக்காவில் இதைத் தடுக்க 2010இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பார்க்கிற ஆளை விரட்டிவிட்டு எப்படிப் பொருள் விற்பது? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. சரி, ரிவி செட்டிங்கில் ஆட்டோ வால்யூம் போட்டுப் பார்த்தேன், பேச்சும் சேர்ந்து அமுங்கிப் போகிறது. யாழ்ப்பாணத்தில் கேபிள் வைத்திருக்கிற யாராவது இதைச் சரிப்படுத்தினீங்களா?