காயில் மாத்துனா ரீமேப் கட்டாயமா?

காசிமேடு ஆக்டேவியா:
வண்டி ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ. போன மழைல கணேசபுரம் சப்வேல தண்ணி நிக்குதுன்னு சுத்திகினு வந்தேன், மூணாவது கியர்ல அழுத்துனா வண்டி உடுக்கை அடிக்குற மாதிரி குலுங்குது, செக் இன்ஜின் லைட் மினுக்குது. ஸ்கேனர் போட்டா பி0303, மூணாவது சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது அதுல பெட்ரோல் ஒழுங்கா எரியல. அந்த சிலிண்டர் இக்னிஷன் காயில (ஸ்பார்க் ப்ளக்குக்கு வோல்டேஜ் குடுக்குறது) கழட்டி ஒண்ணாவதுல மாட்டுனேன், கோடு பி0301னு மாறிச்சு, ஆக காயில் தான் போச்சு. ரப்பர் பூட்ல மேலேர்ந்து கீழ வரைக்கும் தலைமுடி கணக்கா ஒரு கறுப்பு கோடு, கரண்ட் ஸ்பார்க் ப்ளக்குக்கு போவாம அந்த வழியா இன்ஜின் ஹெட்ல எறங்கி இருக்கு. மாத்துறதே மாத்துறோம், நாலுக்கும் ஆடி ஆர்8 செவப்பு காயில் போட்டுடலாம்னு ஒரு ட்யூனிங் கடைல கேட்டா, ரீமேப் (ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்துறது) பண்ணியே ஆவணும், இல்லாங்காட்டி நாக் (உள்ள பெட்ரோல் தாறுமாறா வெடிக்குறது) அடிச்சு பிஸ்டன் போயிடும்ங்குறாங்க. 35,000 ரூவா. நெஜமாவா?

மூலக்கடை டர்போ:
கடைக்காரர் சொன்னதுல தப்பு இல்ல தல. ஸ்பார்க் பலமா விழுந்தா பெட்ரோல் சீக்கிரம் எரியும், ப்ரஷர் முன்னாடியே ஏறும், ஸ்பார்க் விடுற டைமிங்க பின்னாடி தள்ளணும். டர்போ வண்டில இதுல வெளாடாத.

தண்டையார்பேட்டை ஸ்பேனர்:
இல்லபா, அங்க தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. பொட்டில 40,000 வோல்ட்னு போட்டுருக்கும், ஆனா ப்ளக் கேப்ப தாண்ட எவ்ளோ வேணுமோ அவ்ளோ தான் வோல்டேஜ் ஏறும், தாண்டுன உடனே எறங்கிடும். ஐட்லிங்ல பழைய காயிலுக்கு எவ்ளோ தேவைப்பட்டுச்சோ புது காயிலுக்கும் அதே தான். நெருப்பு ஒருதடவ ஒழுங்கா பத்திக்கிச்சுன்னா அதுக்கப்புறம் எவ்ளோ வேகமா பரவும்ங்குறது பெட்ரோல்-காத்து கலவை, உள்ள காத்து சுழல்றது, கம்ப்ரஷன் இதுங்க கைல இருக்கு, காயில் கைல இல்ல. மாத்துன உடனே பிக்கப் ஏறுன மாதிரி தெரியுதுன்னா அது விட்டுப்போன பவர் திரும்பி வர்றது. மிஸ் ஆவுறப்ப எரியாத ஆக்சிஜன் சைலன்சர் பக்கம் போவும், ஓ2 சென்சார் அத பாத்து பெட்ரோல் கம்மியா இருக்குன்னு நெனச்சிக்கும், ஈசியூ எக்ஸ்ட்ரா ஊத்தும். மிஸ்ஸிங் நின்னா அதுவே கொறச்சிக்கும், எவனும் லேப்டாப் சொருக வேணாம்.

மூலக்கடை டர்போ:
நீ சொல்றது புக்கு. நான் பட்டவன். என் பழைய ஹோண்டா சிட்டில கம்பெனி ஈசியூக்கு பதிலா தனி ஈசியூ, வேற வண்டி காயில் மாட்டுனோம், செட்டிங் எதையும் தொடல. மணலி ரோட்ல ட்ரெய்லர் லாரிங்க நடுவுல வண்டி ஆஃப். பானெட் தொறந்தா காயில் அடில வெல்லப்பாகு மாதிரி ஒழுகி கீது, தொட முடியல அவ்ளோ சூடு. காயில் மாத்துனா செட்டிங் மாத்தணும்னு அன்னைக்கு தான் புரிஞ்சுது.

தண்டையார்பேட்டை ஸ்பேனர்:
உன் கஷ்டம் புரியுதுபா, ஆனா அன்னைக்கு வண்டிய கவுத்தது ட்வெல். ஸ்பார்க் விடுறதுக்கு முன்னாடி காயில்ல கரண்ட் ஏத்துற நேரம், ரெண்டு மூணு மில்லி செகண்ட் தான். அளவு கம்மியான காயிலுக்கு அதிக நேரம் கரண்ட் உட்டா சூடாவாம என்ன பண்ணும்? பெரிய காயிலுக்கு நேரம் பத்தலன்னா ஸ்பார்க் கம்பெனி காயில விட மோசமா வரும், காசு தண்டம். சோழவரம் ரன்வேல ரேஸ் ஓடுன காலத்துலயே இந்த பிரச்சனை உண்டு, 1990ல இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வர்றதுக்கு முன்னாடி. எங்கப்பா சொல்லுவாரு, 3 ஓம் காயில் இருந்த எடத்துல கரண்ட்ட கொறைக்குற பேலஸ்ட் ரெசிஸ்டர் இல்லாம 1.5 ஓம் காயில் போட்டா பாயிண்ட் (காயில் கரண்ட்ட வெட்டி விடுற பழைய ஸ்விட்ச்) கருகிடும்னு. அதுக்காக அவங்க கார்புரேட்டர் ஜெட்ட மாத்தல, ரெசிஸ்டர் போட்டாங்க. இந்த தம்பி வண்டில செவப்பு காயிலும் அதே குடும்பம், அதே நாலு பின், அதே 5 வோல்ட் சிக்னல். மாட்டிட்டு போக வேண்டியது தான்.

திருவொற்றியூர் பூஸ்ட்:
ஸ்டேஜ் 1 பண்ண, அதாவது ரீமேப்ல டர்போ ப்ரஷர் (பூஸ்ட்) ஏத்துன வண்டிக்கு? ஃபுல் பூஸ்ட்ல ஸ்பார்க் அணைஞ்சு போவுதே.

தண்டையார்பேட்டை ஸ்பேனர்:
ப்ரஷர் ஏற ஏற அதே கேப்ப தாண்ட வோல்டேஜ் அதிகம் வேணும். மொதல்ல புது ப்ளக், கேப் 0.7 மிமீ கிட்ட வச்சு பாரு. அப்பவும் அணைஞ்சா பெரிய காயிலுக்கு வேலை இருக்கு. ரீமேப் கேக்குறது பூஸ்ட் ஏத்துனதுக்கு, காயிலுக்கு இல்ல.

மூலக்கடை டர்போ:
சரி ட்வெல்னே வச்சிக்க, அத மாத்தறதும் ட்யூனிங் தானே? ஒரே குடும்ப காயில்னா ரீமேப் வேணாம், ஒத்துக்குறேன். ஆனா லாக் (ஓட்டுறப்ப ஈசியூ ரீடிங்க பதிவு பண்றது) எடுக்காம ஓட்டாத தம்பி. நாக் ரிட்டார்ட் (நாக் வந்தா ஈசியூ டைமிங்க எவ்ளோ பின்னாடி தள்ளுதுன்னு) பாத்து போடு.

காசிமேடு ஆக்டேவியா:
காயில் மாட்டி நாலு நாள் ஆச்சுணா, ரீமேப் பண்ணல. மிஸ்ஸிங் சுத்தமா இல்ல. ஃப்யூயல் ட்ரிம் (ஈசியூ எக்ஸ்ட்ரா ஊத்துற பெட்ரோல் சதவீதம்) +9ல இருந்துச்சு, இப்ப +2. ஞாயித்துக்கெழம காலைல லாக் எடுத்தேன், ரெண்டாவது சிலிண்டர்ல மட்டும் ஒருதடவ 1.5 டிகிரி ரிட்டார்ட்.

மூலக்கடை டர்போ:
பாத்தியா, அதான் சொன்னேன்.

தண்டையார்பேட்டை ஸ்பேனர்:
பழைய காயில்ல எடுத்த லாக் இருந்தா போடு தம்பி, அத பாக்காம பேச வேணாம்.

காசிமேடு ஆக்டேவியா:
இருக்குணா, காயில் போறதுக்கு முன்னாடி மே மாசம் எடுத்தது. அதே ரெண்டாவது சிலிண்டர், அதே 1.5.